மூன்று வாரம், ஏழாயிரம் டாலர், ஒரு காசநோய்ப் பரிசோதனை

மகள் நேற்றுத்தான் இரண்டு மூட்டை அழுக்குத் துணியோடு வீடு வந்து சேர்ந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி நடத்தும் கோடை வகுப்பில் மூன்று வாரம் தங்கிப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். "இவ்வளவு செலவு பண்ணி அனுப்பினீர்களே, பிரயோஜனம் உண்டா?" என்று நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனைக் கதையைக் கொட்டித் தீர்த்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

விண்ணப்பம், கட்டுரை, மதிப்பெண் எல்லாம் சுலபமாக முடிந்து இடமும் கிடைத்தது. தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து 7,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. முன்பணம் திரும்ப வராது.

அப்புறம் வந்தது உடல்நலப் படிவம். மகள் பிறந்தது சென்னையில். பிறந்த நாடு இந்தியா என்று எழுதியதும் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். வியாழன் மாலை ஒரு கிளினிக்கில் கையில் ஊசி போட்டுவிட்டு, 48 மணி நேரம் கழித்து, 72 மணி நேரத்துக்குள் வந்து காட்டச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை. அந்த கிளினிக்கோ சனி மதியத்தோடு பூட்டிவிடும்! ஊசி போட்ட அம்மாவுக்கு இது தெரியாதா? திங்கள் காலை போய் நின்றால், "நேரம் தாண்டிவிட்டது, மறுபடி போட வேண்டும்" என்றார், முகத்தைக் கூட நிமிர்த்தாமல். மறுபடி போட்டு புதன்கிழமை காட்டினால் ஊசி போட்ட இடம் தடித்திருக்கிறது. காசநோய்க் கிருமி உடம்பில் இருந்தால் அப்படித் தடிக்கும். ஆனால் குழந்தையில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசியாலும் அப்படித் தடிக்கலாமாம். கடைசியில் ரத்தப் பரிசோதனை. அதை பிசிஜி குழப்பாது. ஒன்றும் இல்லை என்று வந்தது. இந்தியாவில் பிறந்த பிள்ளை என்றால் எடுத்த எடுப்பிலேயே ரத்தப் பரிசோதனை போதுமா என்று கேட்டுவிடுங்கள். எனக்கு நான்கு நடை, இரண்டு அரை நாள் லீவு.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய் நோட்டரியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கண் முன்னால்தான் போட வேண்டுமாம்.

சரி, படிப்பு? பாடம் எடுத்தது பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். பேராசிரியர் முதல் நாள் வந்து வரவேற்றதோடு சரி. பின்னால் கல்லூரிப் பட்டத்துக்குக் கணக்கில் வரும் கிரெடிட் கிடையாது, சான்றிதழ் உண்டு. 'நீ தேர்ந்தெடுக்கப்பட்டாய்' என்கிற தொனியில் வழவழ காகிதத்தில் கடிதம் வந்ததே, அது அவள் பள்ளியில் பிஎஸ்ஏடி என்கிற எஸ்ஏடி முன்னோட்டத் தேர்வு எழுதியபோது, கல்லூரிகள் தன்னைத் தொடர்புகொள்ளலாம் என்ற சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டதன் பலன். இதில் சேர்ந்தால் அதே கல்லூரியில் அட்மிஷனுக்குச் சலுகை எதுவும் இல்லை என்று அவர்கள் தளத்திலேயே எழுதியிருந்தது. நான்தான் பணம் கட்டிய பிறகு படித்தேன்.

எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்கிற கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி மாதிரியானவை வேறு ஜாதி. படிப்புக்குக் கட்டணம் இல்லை, எடுப்பது நூறு பேர் அளவில்தான். எங்கள் மாநிலத்திலேயே ரட்கர்ஸ், ட்ரூ பல்கலைக்கழகங்களில் கவர்னர்ஸ் ஸ்கூல் என்கிற கோடை வகுப்பு இருக்கிறது. 12ஆம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு, படிப்புக் கட்டணம் இல்லாமல். ஆனால் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் பரிந்துரைக்க வேண்டும். நான் மார்ச்சில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதே" என்று சிரித்தார். தீபாவளிக்கு முன்னாலேயே போய் அவர் கதவைத் தட்டுங்கள்.

வீண் என்றும் சொல்ல மாட்டேன். டெக்சாஸ் பெண்ணோடு ஓர் அறையில் சண்டையில்லாமல் இருந்திருக்கிறாள். வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோடு போட்டு ரோஸ் ஆக்கியிருக்கிறாள். நாள் முழுக்க ஆய்வகத்தில் பிப்பெட் பிடிப்பது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். நான்கு வருடக் கட்டணத்தோடு பார்த்தால் அது மலிவுதான்.

அவள் தம்பிக்காரனை எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியான மிடில்செக்ஸ் கல்லூரியில் ஒரு வகுப்பில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கிரெடிட் வரும், ராத்திரி வீட்டுக்கும் வந்துவிடுவான். அதோடு அவன் பிறந்தது நியூ ஜெர்சியில்.