முழங்கால் அளவு அலை

திங்கள் மோசம். செவ்வாய் மோசம். புதன், வியாழன், வெள்ளி எல்லாம் மோசம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில் அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கொக்கோ பீச் என்னும் கடற்கரை ஊருக்கான அலை முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாளைக்கும் ஒரே சொல், ஒரே வெளிறிய நிறம். அலை உயரம் 1 முதல் 2 அடி, இடைவெளி 5 விநாடி, காற்று தென்கிழக்கு. ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் அது. விடுமுறையை முன்னும் பின்னும் நகர்த்த எனக்கு வழியில்லை.

“இன்னும் ஒரு மாதம் தள்ளி வந்திருக்கலாம், சித்தி” என்றான் அக்கா மகன். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். அவனுக்கு வயது 20. எட்டு வருடமாக அந்தக் கடற்கரையில் சர்ஃபிங் செய்கிறான். நான் அலைச்சறுக்குப் பலகையைக் கையால் தொட்டதுகூட இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வந்த ஆசை இது. மூன்று வருடம் நீச்சல் பழகி, அதற்கென்றே இந்தப் பயணத்தை ஒதுக்கியிருந்தேன்.

அட்லாண்டிக் என்னும் அத்தனை பெரிய கடல் எதிரே கிடக்கும்போது அலை மட்டும் ஏன் இவ்வளவு சிறுத்துப்போகிறது என்று அவனிடம் கேட்டேன். அன்று இரவு முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போகும். அவை வடகிழக்கிலிருந்து அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கோடையில் அந்த இடத்தில் ஓர் உயர் அழுத்த மண்டலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அலைகளில் ஒரு பங்கைப் பஹாமாஸ் தீவுகள் மறித்துக்கொள்கின்றன. வடக்கே கனாவரல் முனை கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. இத்தனையும் தாண்டி வருகிற அலை, கரைக்கு முன்னால் பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஆழமில்லாத கடல்தரையில் உராய்ந்து உராய்ந்து வலுவிழக்கிறது. கரைக்கு வரும்போது அதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

ஆனால் சர்ஃபிங்கில் பதினொரு முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டர் 1972-இல் பிறந்ததும் வளர்ந்ததும் இதே கொக்கோ பீச்சில்தான். முதல் பட்டம் 1992-இல், கடைசிப் பட்டம் 2011-இல். ஊரில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலையின் முன்னால் நின்றபோது எனக்கு முன்னறிவிப்பின்மேல் இருந்த கோபம் பாதி வடிந்துவிட்டது. இந்தச் சிறிய அலையில்தானே அவரும் முதலில் எழுந்து நின்றிருப்பார்?

முதல் மூன்று நாள் முன்னறிவிப்பு சொன்னபடியே போயின. காலையில் போனால் கடல் குளம்போலக் கிடந்தது. நடுப்பகலில் போனால் காற்று கிளப்பிய சிற்றலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எங்கே உடைகிறது என்றே தெரியாமல் குழம்பிக் கிடந்தன. பலகையில் படுத்துக் கை போடப் பழகினேன். தோள் வலித்தது. எழுந்து நிற்கத் தோதாக ஓர் அலைகூட வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கற்றுக்கொண்டதெல்லாம் இரவில்தான். முன்னறிவிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். நான் உயரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். “உயரத்தை விடுங்கள், விநாடியைப் பாருங்கள்” என்றான். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த அலைமுகட்டுக்கும் இடையே ஓடும் நேரம் அது. 5 விநாடி என்றால் பக்கத்திலேயே அடிக்கிற காற்றில் பிறந்த அலை, அவசரக் குடுக்கை. 10 விநாடி என்றால் எங்கோ தொலைவில் பிறந்து, வழியெல்லாம் வரிசை பிடித்து, ஒழுங்காக வந்து சேரும் அலை. சர்ஃபிங் செய்கிறவர்கள் ஸ்வெல் என்று சொல்வது இதைத்தான். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் ஒன்றின் இடைவெளி இரு மடங்கு என்றால், அது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றலும் ஏறத்தாழ இரு மடங்கு. ஆழம் குறையும்போது அது மற்றதைவிட நிமிர்ந்தும் எழும்.

உயரம் என்று போடுகிற எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது வால்டர் மங்க், ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்ற இரண்டு கடலியல் அறிஞர்கள், படைகள் கரையிறங்கும் நாளில் அலை எப்படி இருக்கும் என்று கணிக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். 1944-இல் நார்மண்டி தரையிறக்கத்துக்கான அலைக் கணிப்புக்கு அந்த முறை பயன்பட்டது. அன்றிலிருந்து அலை உயரம் என்று சொன்னால், வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று பொருள். அதாவது 2 அடி என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 அடி அல்ல. நிறைய அலைகள் அதைவிடச் சிறியவை. ஆயிரம் அலைக்கு ஒன்று ஏறக்குறைய 4 அடியை நெருங்கும். இதைக் கேட்ட பிறகு அந்த எண்ணை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

மங்க் அதோடு நிற்கவில்லை. தென்துருவக் கடலில் புயல் கிளப்பிய அலைகள் பசிபிக்கைக் கடந்து அலாஸ்கா வரை போவதை, நியூசிலாந்திலிருந்து வரிசையாகக் கருவிகள் வைத்து 1963-இல் தொடர்ந்து அளந்தார். அலை என்பது இவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்று தெரிந்த பிறகு, கரையில் வந்து விழும் ஓரடி அலையைக்கூட அலட்சியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை இரவு அவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். கனாவரல் முனைக்குக் கிழக்கே சுமார் 20 கடல் மைல் தொலைவில் 41009 என்று எண்ணிட்ட மிதவை ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் மிதவை; அதன் அளவீடுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முன்னறிவிப்பு என்பது கணினியின் கணக்கு. மிதவை சொல்வதோ இப்போது கடலில் நடப்பது. மூன்று நாளாக 5 விநாடி என்றே சொல்லிக்கொண்டிருந்த மிதவை, காற்றலைக்குக் கீழே இன்னொரு வரியில் 10 விநாடி என்று காட்டியது. உயரம் ஓரடிக்குச் சற்று மேல். திசை கிழக்கு வடகிழக்கு.

நடு அட்லாண்டிக்கில் ஒரு புயல் எந்தக் கரையையும் தொடாமல் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய அலை இது. இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 1,500 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆகும். செவ்வாய்க்கிழமை நான் குளம்போலக் கிடந்த கடலைப் பார்த்து ஏமாந்து நின்றபோதே இந்த அலை புறப்பட்டு வந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் இருந்தது. அந்தக் கரையில் அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. சர்ஃபிங் செய்கிறவர்கள் புயல் வரைபடத்தை ஆசையோடு பார்க்கிறார்கள். அதே வரைபடத்தை, அந்தக் கோடு தங்கள் கூரைமேல் வந்து விழுமோ என்று பார்க்கிறவர்கள் கரீபியன் தீவுகளில் இருக்கிறார்கள். அலைக்காகப் புயலை விரும்புவது சரியா என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “கரையைத் தொடாத புயலுக்கு மட்டும்தான் ஆசைப்படுவேன், சித்தி. மற்றது வந்தால் அன்றைக்கு எனக்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது” என்றான். அவனை நான் சின்னப் பையன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். சூரியன் உதிப்பது 7 மணிக்குச் சற்று முன். நாங்கள் மணலில் கால் வைத்தபோது கிழக்கு இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. மேடான மணலில் நான்கு குச்சி நட்டு, நாடா கட்டி, ஆமை முட்டையிட்ட இடங்களைக் குறித்திருந்தார்கள். பெருந்தலை ஆமைகள் இந்தக் கரையோரம் நெடுக ஏராளமாக வந்து முட்டையிடுகின்றன. ஒரு குறியிலிருந்து கடலை நோக்கி மெல்லிய கோடுகள் விசிறிபோல விரிந்து போயிருந்தன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கோடும் என் இரண்டு விரல் அகலம்; இருபக்கமும் சின்னச் சின்னத் துடுப்புகள் மாறி மாறி ஊன்றிய பள்ளங்கள். சில கோடுகள் நேராக ஓடின. ஒன்று மட்டும் வழி தவறி, வளைந்து, மறுபடி கடலைக் கண்டுபிடித்திருந்தது. இரவில்தான் பொரித்திருக்க வேண்டும். இந்தக் குஞ்சுகளுக்காகவே கரையோர வீடுகளில் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கிறார்கள். பலகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிப் போய் இறங்கினோம்.

இரவு முழுவதும் நிலத்திலிருந்து கடலை நோக்கி லேசான காற்று. கடல் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. நீர் வற்றிக்கொண்டிருந்தது, அங்கே ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் சிறிய அலைக்கு அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். தன் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழம் வந்தால்தான் அலை உடையும். நீர் ஏறியிருந்தால் அது மணல்திட்டை உணராமலே கடந்துபோய்க் கரையில் விழும். வற்றினால் திட்டின்மேல் தடுக்கி எழும். எந்தக் கணினிக்கும் அந்தத் திட்டு இன்று எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவன் கால்களைத் தூக்கி வைக்காமல், அடியில் திருக்கை மீன் படுத்திருந்தால் விலகட்டும் என்று மணலில் இழுத்து இழுத்து நடந்து, திட்டைத் தேடினான். “இங்கே” என்றான். தண்ணீர் எனக்கு இடுப்புக்குக் கீழே.

காத்திருந்தோம். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு தொடுவானத்துக்கு இப்பால் தண்ணீர்ப்பரப்பில் ஒரு கருங்கோடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் வாய்விட்டு எண்ணினேன். முதல் முகடு எங்களைத் தூக்கி இறக்கியதிலிருந்து அடுத்தது வரை ஒன்பது, பத்து. மிதவை சொன்ன அதே எண்.

மூன்றாவது அலைக்கு அவன் என் பலகையைத் திருப்பிவிட்டு, “கை போடுங்கள், நிறுத்தாதீர்கள்” என்றான். பலகையின் பின்பக்கம் உயர்வது வயிற்றில் தெரிந்தது. கை போடுவதும் அலை இழுப்பதும் ஒன்றான ஒரு கணம் இருக்கிறது. அதன்பின் கை தேவையில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி எழுந்தேன். முதலில் ஒரு முழங்கால், பிறகு பாதம். நின்றேன். அலை என் முழங்கால் உயரம்கூட இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் முகம் கண்ணாடிபோலத் தெளிவு. உள்ளே மணல் துகள்கள் மேல்நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. உடைகிற அலை முரட்டுத்தனமாகக் கவிழவில்லை. உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக நுரைத்து, என்னைத் தாங்கிக்கொண்டே கரை வரை வந்தது. சரிவு மென்மையான இந்தக் கடற்கரை அலையை வலுவிழக்கச் செய்கிறது என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னை விழாமல் வைத்ததும் அதே மென்மைதான்.

எட்டு விநாடி இருக்கலாம். கரையில் இறங்கியபோது கால்கள் நடுங்கின, அழுகை வந்தது. அவன் நீருக்குள்ளேயே இரண்டு கைகளையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தான்.

அதன்பின் ஐந்து அலை பிடித்தேன். விழுந்ததற்குக் கணக்கில்லை. அவன் தன் நீளப் பலகையில் நுனி வரை நடந்து போய், கால்விரல்கள் பலகையின் விளிம்பைத் தாண்டத் தாண்ட நின்றபடி வந்தான். அவன் எடை முழுவதையும் ஓரடி நீர் சுமந்தது. அதை அவ்வளவு அருகில் இருந்து பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு நிலம் சூடேறியது. காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கியது. வழவழப்பு போயிற்று. இரண்டு மணிக்கு மேற்கே மேகம் கறுத்து முதல் இடி கேட்டது. இடி கேட்டால் தண்ணீரைவிட்டு ஏறிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். கோடைப் பிற்பகல்களில் புளோரிடாவில் இதை ஒருவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. காருக்குள் உட்கார்ந்து நேரம் எண்ணினோம். இருபதாவது நிமிடத்தில் ஓர் இடி, மறுபடி முதலிலிருந்து. இருபத்தைந்தாவது நிமிடத்தில் இன்னொன்று. கண்ணாடியில் மழை வழிந்தது. நாலரை மணி ஆயிற்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே மிதவையின் அளவீட்டைத் திறந்தான்.

“நாலு விநாடி, சித்தி” என்றான்.

சரி, போகலாம் என்றேன். பலகையின் கயிறு நன்றாக இறுகியிருக்கிறதா என்று மழையில் இறங்கி ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, காரை எடுத்தான்.