4066-இல் வீடியோ சுவிட்ச்: மூன்றாவது முயற்சியில் பேய் போனது

இரண்டு கேமரா, ஒரு மானிட்டர். ரிலே போட்டிருந்தால் அரைமணி வேலை. 5 வோல்ட்டில் சத்தமில்லாமல் மாற வேண்டும் என்று 74ஹெச்.சி.4066-ஐ எடுத்தேன், ஒரு சிப்பில் நான்கு மின்னணு சுவிட்ச்.

முதல் முயற்சியில் சுவிட்சை நேராக 75 ஓம் லைனிலேயே தொடராகப் போட்டேன். படம் மங்கல். ஆன் நிலையில் சுவிட்சுக்கே சுமார் 50 ஓம் இருக்கிறது. 1 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முக்கால் வோல்ட்தான் வந்தது. பளிச்சென்ற காட்சிகளில் படம் உருளவும் செய்தது. சிக்னலில் படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் பகுதி தரைக்குக் (0 வோல்ட்) கீழே இறங்க, சிப்பின் உள்ளிருக்கும் பாதுகாப்பு டையோடு அதைக் கடித்துவிட்டது.

இரண்டாவது முறை, லைனை 75 ஓம் ரெசிஸ்டரால் சுவிட்சுக்கு முன்பே முடித்து, கெபாசிட்டர் வழியாகச் சிக்னலை 2.5 வோல்ட்டுக்குத் தூக்கி வைத்தேன். சுவிட்சுக்குப் பின் எமிட்டர் ஃபாலோயர் (சிக்னலை அப்படியே பின்தொடரும் டிரான்சிஸ்டர்), அதன்பின் இரு மடங்கு பெருக்கி. ஃபாலோயர் இழுப்பது கொஞ்சம் மின்னோட்டம்தான், அதனால் 50 ஓம் ஒரு பொருட்டே இல்லை. வெளிச்சம் சரியானது.

ஆனால் பேய் வந்தது. அணைத்து வைத்த கேமராவின் விளிம்புகள் மெல்லிய கோடுகளாகப் படத்தின் குறுக்கே நகர்ந்தன. அணைந்த சுவிட்ச் ஒரு குட்டிக் கெபாசிட்டர்தானே. 5 பிகோஃபாரட் என்று வைத்தால், பிஏஎல் முறை வீடியோவில் நிறத்தைச் சுமக்கும் சப்கேரியரின் 4.43 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 7 கிலோஓம். எதிரே ஆனில் இருக்கும் வழி சுமார் 90 ஓம். ஆக நூற்றில் ஒரு பங்கு ஒழுகும். கண் அதை விடாது.

மருந்து 'டி' அமைப்பு: தொடர் சுவிட்ச், தரைக்கு ஒன்று, மீண்டும் தொடர் சுவிட்ச். அணைந்திருக்கும்போது நடுவில் இருப்பது ஒழுகலைத் தரைக்கு இழுத்துவிடும். கணக்குப்படி ஒழுகல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரு வழிக்கும் ஆறு சுவிட்ச், அதாவது இரண்டு சிப். மிச்சமான இரண்டையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும் 10 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டரோடு இன்வெர்ட்டராக்கி, நடுச் சுவிட்சுகளுக்கான தலைகீழ்க் கட்டளையை வாங்கிக்கொண்டேன். இந்தக் கஞ்சத்தனத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அப்போதும் லேசாகத் தெரிந்தது. குற்றவாளி, சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டு, பக்கத்து வரிசைகளுக்கு இடையே அதற்கும் கெபாசிட்டன்ஸ் உண்டு. செம்புத் தகட்டில் சால்டர் செய்த பிறகுதான் திரை சுத்தமானது. மாற்றும் கணத்தில் படம் ஒருமுறை துள்ளுகிறது. கேமராக்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசையாதவை, அதற்குச் சுவிட்ச் என்ன செய்யும்.

அடுத்து ரேடியோ. அதில் அலைவரிசைகளைப் பிரிக்கும் பேண்ட் ஃபில்டர்களை மாற்ற 4066 வேண்டாம் என்று முடிவு. அங்கே 1என்4007 டையோடு. 10 மில்லிஆம்பியர் ஓட்டினால் திறக்கும், தலைகீழ் வோல்ட்டேஜில் மூடும். பலகை வெட்டியாகிவிட்டது, சோக் (கம்பிச் சுருள்) சுற்ற வேண்டும்.