உறிஞ்சலைக் குறைக்கச் சொன்ன நாள்

"சார், உங்களுக்கு கேஸ் சுத்தமா வேணுமா, இல்ல வெளிய போகாம இருக்கணுமா? ரெண்டையும் ஒரே வால்வுல கேட்டா எப்படி?"

குப்பை மேட்டில் வாயு உறிஞ்சும் கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கேட்டது இது. அந்த வாயுவை டீசலாக்கும் ஆலையில் எனக்கு வேலை. கோபமெல்லாம் இல்லை. நான் சுற்றி வளைக்காமல், "ஓரத்துக் கிணறுகள்ல உறிஞ்சலைக் குறைச்சிடுங்கண்ணே" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காரணம் இருந்தது. குப்பை வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. எங்கள் முறையில் அந்த கார்பன் டை ஆக்சைடும் மூலப்பொருள்தான். நிக்கல் வினையூக்கியின் மேல் 800 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும். அதிலிருந்து டீசல், மெழுகு, வேண்டுமானால் மெத்தனால். கந்தகத்தையும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்தையும் முன்கூட்டியே வடிகட்டிவிடலாம். காற்றோடு உள்ளே வரும் நைட்ரஜன்தான் தலைவலி. மூலக்கூறு அளவில் மீத்தேனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் பிரிப்பது கஷ்டம், செலவும் அதிகம். எதனோடும் வினைபுரியாமல் சுழற்சியில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றினால் கூடவே நல்ல வாயுவும் போய்விடும்.

அன்று ஓரத்துக் கிணறுகளில் ஆக்சிஜன் அரை சதவீதம்கூட இல்லை, நைட்ரஜன் மட்டும் எகிறியிருந்தது. குழாயில் ஓட்டை என்றால் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறியிருக்கும். ஆக, காற்று மேல்மண் வழியாக இறங்கியிருக்கிறது. ஆக்சிஜனை வழியிலேயே நுண்ணுயிரிகள் தின்றுவிட்டன. அதிகமாக இழுத்தால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அடங்கிவிடும், உள்ளே தீகூடப் பிடிக்கலாம். எனவே குறைப்பது மேட்டுக்கும் நல்லதுதானே?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தீக்குப் பயந்தா அன்று சொன்னேன்? ஆலையின் அளவீட்டுத் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

நாம் இழுக்காத வாயு உள்ளேயே உட்கார்ந்திருக்காது. மழைக்கு மறுநாள் சரிவில் தேங்கிய தண்ணீரில் வரிசையாகக் குமிழி வந்துகொண்டிருந்தது, அடுப்பில் வைத்த பால் மாதிரி. மேல்மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியா உண்டு, கொஞ்சத்தைத் தடுக்கும். விரிசலில் வேகமாக வருவதை அவை என்ன செய்யும்? நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. இருபது ஆண்டுக் கணக்கு என்றால் 80 மடங்குக்கு மேல். எங்கள் டீசலைப் 'பசுமை எரிபொருள்' என்றுதான் விற்கிறோம். ஒவ்வொரு லிட்டருக்கும் எவ்வளவு மீத்தேன் சரிவு வழியாகப் போனது என்று எழுத எங்கள் கணக்குத் தாளில் ஒரு கட்டம் கிடையாது.

அதே சமயம், ஆலை நின்றால் மொத்த வாயுவும் ஃப்ளேருக்கு, அதாவது வாயுவை எரித்துவிடும் குழாய்க்குத்தான் போகும், வெறுமனே எரியும். அதுவா மேல்? சூழலைப் பொறுத்தவரை சில நாட்களில் அதுவே மேலாக இருந்திருக்கலாம். ஆலையில் வேலை பார்க்கிறவன் இதைச் சத்தமாகச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

ஓரத்துக் கிணறுகளுக்கு மட்டும் தனிக் குழாய் போட்டு, அந்த வாயுவை நேரே ஃப்ளேருக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நைட்ரஜன் கலந்திருந்தாலும் ஃப்ளேருக்குக் கவலையில்லை. மீத்தேன் ஓரளவு இருந்தால் எரிந்துவிடும். அந்தக் குழாயால் ஒரு சொட்டு டீசல்கூட வராதே, செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். அதுவரை வால்வுகள் நான் சொன்ன இடத்திலேயே நிற்கின்றன.