லேப்டாப் வேலையோடு வெளிநாட்டில் தங்க: குமுளி நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

நெதர்லாந்து கம்பெனி ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிவிட்டது. மென்பொருள் சோதிக்கும் வேலை, எங்கிருந்து செய்தாலும் அவர்களுக்குச் சரி. ஒரு வருடம் வேறு நாட்டில் தங்கி இதே வேலையைப் பார்க்க எனக்கு எந்த விசா பொருந்தும் என்று தேடுவதை இனி இங்கேயே எழுதி வைக்கிறேன். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளியிலும் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூர், கம்பத்திலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நிறைய, யாருக்காவது உதவட்டும்.

2020இல் கொரோனா வந்து சுற்றுலா படுத்த பிறகுதான், வெளிநாட்டுக் கம்பெனி வேலையைச் செய்துகொண்டே தங்கள் நாட்டில் தங்க விடும் இந்த ‘டிஜிட்டல் நோமேட்’ விசாக்கள் வரிசையாக வந்தன. பார்படோஸ் அந்த ஜூலையில், எஸ்தோனியா ஆகஸ்டில். சம்பளம் வெளியிலிருந்து வரட்டும், செலவு எங்கள் ஊரில் நடக்கட்டும், எங்கள் ஆட்களின் வேலையில் மட்டும் கை வைக்காதே என்பதுதான் எல்லா நாடும் போடும் கணக்கு. அதனால் முதல் கேள்வியே வருமானம். எஸ்தோனியா மாதம் 4,500 யூரோ கேட்கிறது. போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தில் நான்கு மடங்கு, 2025இல் அது 3,480 யூரோ, அதாவது மாதம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குக் கிட்ட. ஸ்பெயின் இரண்டு மடங்கோடு விட்டுவிடுகிறது, 2025இல் சுமார் 2,760 யூரோ, ஆனால் சுயதொழில்காரர் அங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட வேண்டிவரும். ஜப்பான் 2024இல் தொடங்கியது, வருடம் 1 கோடி யென், ஆறே மாதம். விசா இல்லாமலே உள்ளே போகக்கூடிய நாட்டுக்காரர்களுக்குத்தான் அது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இடமில்லை.

என் வருமானத்துக்கு எட்டுவது மலேசியாவும் தாய்லாந்தும். ராத்திரி மழை பிடித்துவிட்டது, மீதி அப்புறம்.

ஜூன் 12, வியாழன்

மலேசியாவின் நோமேட் அனுமதியான டிஇ ரந்தாவ் பாஸ் 2022 அக்டோபரில் வந்தது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் நடத்துகிறது, விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை கொடுப்பார்கள், பிறகு இன்னும் பன்னிரண்டு மாதம் நீட்டலாம். கட்டணம் 1,000 ரிங்கிட். ஐடி, டிஜிட்டல் துறைக்காரர்களுக்கு வருடம் 24,000 டாலர் வருமானம் போதும், 2024இல் மற்ற தொழில்களுக்கும் திறந்துவிட்டார்கள், அவர்களுக்கு 60,000. என் ஒப்பந்தம் முதல் கோட்டைத் தாண்டும், இரண்டாவதை நெருங்கக்கூட முடியாது. வீட்டிலிருந்து கணக்கெழுதும் என் தோழி ஒருத்தி அந்த 60,000ஐப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாள். அவளும் லேப்டாப்பில்தான் வேலை பார்க்கிறாள், அவளுக்கு மட்டும் இரண்டரை மடங்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாய்லாந்தின் டிடிவி, அதாவது ‘டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா’, 2024 ஜூலையில் வந்தது. ஐந்து வருட விசா, ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள். மாத வருமானத்தைவிட, வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்டச் சொல்கிறார்கள், நம் கணக்கில் 13 லட்சம் ரூபாய் வரும். அம்மாவிடம் சொன்னேன். “வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்குற மாதிரியா?” என்றாள். இல்லம்மா, எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றேன். அந்தத் தொகை என்னிடம் சும்மா கிடக்கவில்லை. ஆக மலேசியாதான்.

இன்னொன்று. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் போகலாம், அப்படியே போய் லேப்டாப்பைத் திறந்து உட்காரேன், யார் கேட்கப்போகிறார்கள் என்று கூட வேலை பார்த்த பையன் சொல்கிறான். அது ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குக் கொடுத்த அனுமதி, அதில் வேலை பார்ப்பது சட்டப்படி தவறு. பிடிபட்டால் அடுத்த நாட்டு விசாப் படிவத்திலும் அதை எழுத வேண்டிவரும். அந்த வழி எனக்கு வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முழுக்க பெயரோடு போராட்டம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும், குடும்பப் பெயர் இடம் காலி. வங்கிக் கணக்கில் முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். நெதர்லாந்துக்காரர்கள் ஒப்பந்தத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, இன்வாய்ஸ் எல்லாம் அந்தப் பெயரிலேயே போகிறது. தூரத்தில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிற அதிகாரிக்கு இது நாலு பெண்களாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவே இல்லை என்று அறிவித்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் பதறினார்கள் என்பது நினைவிருக்கும்.

வெளிநாட்டு யோசனை இருக்கிறவர்கள் விசாவைத் தேடும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் ஏற்றிவிடுங்கள், பிறகு வங்கி, ஒப்பந்தம், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு இப்போது பாஸ்போர்ட்டை மாற்ற நேரமில்லை. நாலும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கியாயிற்று, ஒப்பந்தத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்தித் தரச் சொல்லி மெயிலும் போட்டாயிற்று.

சான்றிதழ் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஸ்பெயின் மாதிரி நாடுகளுக்குப் பட்டத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் அத்தாட்சி) வேண்டும், அதற்கு முன் மாநில அரசின் சரிபார்ப்பு வேண்டும். நான் இடுக்கி மாவட்டத்தில் குடியிருந்தாலும் பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வாங்கியது. பட்டம் எந்த மாநிலத்ததோ சரிபார்ப்பும் அந்த மாநிலத்தில்தான், அதனால் அதற்குச் சென்னை. போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கான விசாரணை குடியிருக்கும் முகவரிப்படி, அதற்குக் குமுளி ஸ்டேஷன். இங்கே குமுளி ரோசாப்பூக்கண்டத்தில் பாதி வீட்டுக்கு இந்தக் கதைதான்.

ஜூன் 25, புதன்

கம்பத்தில் ஆடிட்டரைப் பார்த்தேன். விசாவைவிட இதுதான் பெரிய விஷயம் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் விசா கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்துவிடலாம், வரிக் கணக்கு பிசகினால் வருடக்கணக்கில் நோட்டீஸ் துரத்தும்.

நம் நிதியாண்டு ஏப்ரலில் ஆரம்பம். அதில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே குடியிருப்பவர், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி. வேறு சிலருக்கு 60 நாள் இருந்தாலே குடியிருப்பவர் ஆக்கும் விதியும் உண்டு, வேலைக்காக வெளியே போகும் இந்தியக் குடிமக்களுக்கு அது பொருந்தாது, சுயதொழிலும் வேலைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றார். ஆக செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிளம்பினால் ஒரு கணக்கு, நவம்பரில் கிளம்பினால் வேறு கணக்கு. பொங்கலுக்கு வந்து பத்து நாள் இருந்தால் அந்தப் பத்தும் சேரும்.

மலேசியாவில் வரி வருடம் ஜனவரியில் ஆரம்பம், அங்கேயும் 182தான் முக்கியமான எண். இரண்டு காலண்டரும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதால் பயணத் தேதியை டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்யக்கூடாது. அப்புறம், அந்த மண்ணில் உட்கார்ந்து செய்த வேலைக்கு வரும் பணம் அங்கே ஈட்டியதாகக் கருதப்படலாம். இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் அதன் பலனைக் கேட்டு வாங்கக் காகிதம் வேண்டும்.

பலருக்குத் தெரியாதது இது: நான் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவள் ஆன பிறகும் வாடிக்கையாளர் பணத்தை நேராக என் இந்தியக் கணக்கில் போட்டால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று இங்கே வரி வரும். சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றவும் வேண்டும். ஆன்லைனில் கடற்கரைப் படம் போட்டு நோமேட் வாழ்க்கை பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை, எனக்கு அதில் உண்மையாகவே கோபம்.

ஜூலை 3, வியாழன்

மூன்று நாளாகக் காற்றும் மழையும். கரண்ட் போய்ப் போய் வருகிறது. வேலையைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அத்தை வந்திருந்தார், ஏலத்தோட்டத்துக்குப் போகிற வழியில். கூடலூர், கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தினமும் எல்லை தாண்டி வந்து, இங்கே ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கும் பெண்களில் அவரும் ஒருவர். “அங்க உனக்கு யாருடி வேலை குடுப்பா?” என்றார். வேலை கையோடு வருது அத்தை, தங்க மட்டும்தான் கேக்குறேன் என்றேன். அவருக்கு அது பிடிபடவே இல்லை. 2020இல் இதே செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் அவர்கள் மாதக்கணக்கில் நின்றுபோனார்கள், தோட்டத்தில் காய் பழுத்து வீணானது. அந்த மாதங்களில் நான் ஒரு நாள் சம்பளம்கூட இழக்கவில்லை.

பீர்மேட்டுத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் ஆள் பிடித்தது கங்காணிகள்தான். எங்கள் பாட்டனார் மலை ஏறினார், அவர் தம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது, அதோடு கடிதமும் குறைந்துபோனதாம். இன்றைக்கும் அத்தை மலேசியாவில் ஒரு தோட்ட வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஏஜென்ட், கடன், முதலாளி பெயரில் பெர்மிட் என்று வழி வேறு. எனக்கு ஒரு பாஸ், ஆயிரம் ரிங்கிட். அத்தை செய்யும் வேலைக்குத்தான் அந்த நாட்டில் ஆள் தேவை, ஆனால் வழி எளிது எனக்கு. இதை நான் மறக்கக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ஜூலை 19, சனி

அவசரமாக ஒன்று. பக்கத்துத் தெருப் பையனிடம் ஒருவர், ‘டிஜிட்டல் நோமேட் விசாவில் தாய்லாந்தில் ஐடி வேலை, மாதம் ஒரு லட்சம், முன்பணம் கட்டு’ என்று சொல்லியிருக்கிறார். தம்பி, இந்த விசா ஏற்கெனவே வேலை இருக்கிறவனுக்குத்தான். யாராவது இந்த விசாவோடு வேலையும் தருகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அதில் சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு, வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் அவர் அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்டா என்று பார்க்கலாம், காசு செலவில்லை. பையன் அப்பாவிடமும் பேசிவிட்டேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை.

ஜூலை 28, திங்கள்

விண்ணப்பம் போட்டாயிற்று. பாஸ்போர்ட், திருத்திய ஒப்பந்தம், வங்கி அறிக்கை, வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்று, வருமான வரிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, பெயருக்கான பிரமாணப் பத்திரம். கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன்: அங்கே கோடைக்காலத்தில் மலேசியா ஆறு மணிநேரம் முன்னால், அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எனக்கு மதியம் மூன்று, ராத்திரி பத்துக்கு மேல் மீட்டிங் வேண்டாம். ஒத்துக்கொண்டார்கள்.

அம்மா தனியாக இருப்பதுதான் மீதிக் கவலை. சித்தி லோயர் கேம்ப்பிலிருந்து வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், மேல் அறையை அவருக்காக ஒழுங்கு செய்கிறோம். செப்டம்பர் இரண்டாவது வாரத்துக்குள் பதில் வந்தால் இந்த நிதியாண்டிலேயே போகிறேன். வராவிட்டால் ஆடிட்டர் சொன்னபடி அடுத்த ஏப்ரல்.