வயலுக்குள் ஒரு வட்டம்

இங்கிலாந்தில் மழை பொய்த்த ஒரு கோடை. பார்லி வயலின் வான்படம். இன்று காலையிலிருந்து அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிறிய மஞ்சளுக்கு நடுவே, யாரோ வளையலைக் கழற்றி வைத்தது போல ஒரு கரும்பச்சை வட்டம்.

வெண்கலக் காலத்துப் புதைமேட்டின் மிச்சமாக இருக்கலாம். பிணத்தைப் புதைத்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை மேலே குவிப்பார்கள். மேட்டை ஏர் கரைத்துவிட்டது. பள்ளம் தூர்ந்தாலும் அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதன் மேல் நிற்கும் பயிர் மட்டும் உயர்ந்து, சுற்றிலும் காய்ந்த பிறகும் சில நாள் பச்சையாக நிற்கிறது.

எல்லா வட்டமும் கல்லறையல்ல. பூஞ்சை வளையமும் இப்படித்தான் இருக்கும்; மாட்டுக்குத் தீவனம் வைத்த இடம்கூட ஏமாற்றும். நடுவில் குழி போல ஒரு கரும்புள்ளி, பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டம் என்றால் நம்பிக்கை கூடும். அப்புறம் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

1925-26இல் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் பக்கம் பறந்த விமானி இன்சால், புதைமேடு என்று நினைத்திருந்த ஓர் இடத்தில் புள்ளி புள்ளியாக வளையங்களைப் பார்த்தார். தோண்டினால் மரத்தூண் குழிகள். அந்தப் பழங்கால மரத்தூண் வட்டம்தான் வுட்ஹெஞ்ச்.

என் படத்தில், வட்டத்தின் குறுக்கே நேராக ஒரு டிராக்டர் தடம் போகிறது. ஓட்டியவருக்குப் பயிர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.