தமிழ் படிக்காத மதிப்பாய்வாளர்களும் பாமினி எழுத்துருவும்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அதில் ‘திருகோணமலை’ என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் அச்சாகியிருந்தாலும் கணினி ஒன்றுமே இல்லை என்று சொல்லும். அதன் கணக்கில் அந்தக் கோப்பில் தமிழே கிடையாது. பாமினியில் ‘த’ இருப்பது ஆங்கில ‘ஜே’ எழுத்தின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். பார்வைக்குத் தமிழாகத் தெரிவதெல்லாம் எழுத்துருவின் உபயம். உள்ளே பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துக்கள்.

திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் என் பெரியப்பா நடத்தும் அச்சகத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஆலய மகோற்சவ மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சனசமூக நிலையங்களின் யாப்புகள் எனப்படும் விதித் தொகுப்புகள், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டுகள் என்னும் நினைவு நூல்கள். கல்வெட்டுகளை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் பூர்வீகம், யார் யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெயர்ந்தார்கள் என்பதெல்லாம் எங்கள் பகுதியில் பல வேளைகளில் அந்தச் சிறு புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் வீட்டுப் பத்திரங்களை இழந்தவர்கள் அச்சகத்துக்கு வந்து, “தம்பி, அம்மம்மாவின் கல்வெட்டு உங்களிடம் இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார்கள். கோப்பு இருக்கும். எதற்குள் இருக்கிறது என்று தேடத்தான் வழியிருக்காது.

பாமினியை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடாக மாற்றும் கருவிகள் பல உண்டு. அவற்றுக்கு எழுத்தை வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அதன்மேல் கட்டப்பட்ட எல்லாத் தேடுபொறிகளுக்கும் பயன் போய்ச் சேரும். அப்படியான, எவரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு திறந்த மூல நிரல் நூலகத்தில் இந்த வேலையைச் சேர்த்து முடித்ததைத்தான் எழுதுகிறேன். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் வரிகள். நானோ அந்தத் திட்டத்துக்கு முன்பின் தெரியாத ஆள்.

நிரல் அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு அனுப்பினேன். என்ன சிக்கல், யாரைப் பாதிக்கிறது, நூலகத்தின் எந்தப் பகுதியில் கை வைப்பேன், எதைத் தொடமாட்டேன். இந்த நான்காவதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். பிடிஎஃப்பின் அடிப்படைப் பகுப்பாய்வைத் தொடமாட்டேன், தமிழ் இல்லாத ஆவணங்களில் ஒரு பைட் கூட மாறாது என்று எழுதிக் கொடுத்தேன். திட்டத்தின் பராமரிப்பாளர்களிடமிருந்து பதிலாக மூன்று கேள்விகள் வந்தன. எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற மாற்று அட்டவணை எங்கிருந்து எடுக்கப்பட்டது? சோதனைக் கோப்புகளுக்கு உரிமை யாருடையது? நாளை இதில் வழு, அதாவது நிரல் பிழை, வந்தால் யார் பார்ப்பார்கள்?

கேள்விகள் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 2024 மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் மென்பொருளில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பங்களிப்பாளராகப் பழகி, பராமரிப்பு உரிமையும் பெற்ற ஒருவரின் கணக்கிலிருந்து 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைவாக உள்நுழைய ஒரு பின்கதவு வைக்கப்பட்டது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட, மனிதர் வாசிக்க முடியாத இருமக் கோப்புகளுக்குள்தான் அது மறைந்திருந்தது. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளரால்தான் அது வெளியே வந்தது. அதற்குப் பிறகு, முகம் தெரியாத ஒருவர் பெரிய நிரலோடும் ஒரு கட்டு பிடிஎஃப் கோப்புகளோடும் வந்து நின்றால், பராமரிப்பாளர் கதவைப் பாதி மட்டும் திறப்பது நியாயம். சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து மற்றவர்களின் நிரலை வாசிக்கும் மனிதர்கள் அவர்கள்.

ஆகவே சோதனைக்கு ஒரு பிடிஎஃப் கோப்பைக்கூட நான் சேர்க்கவில்லை. சோதனை ஓடும்போதே கோப்பை உருவாக்கும் சிறு நிரலை எழுதினேன். அதில் என்ன இருக்கிறது என்பதை வரிக்கு வரி வாசிக்கலாம். பிடிஎஃப் எழுத்துருவை உள்ளே பதிக்காமல் பெயரை மட்டும் குறிப்பிட அனுமதிக்கிறது என்பதால், பாமினியின் உரிமை பற்றிய கேள்வியும் எழவில்லை. வாசகங்களுக்குத் திருக்குறளை எடுத்தேன். அதற்கு உரிமை கோரி எவரும் வரப்போவதில்லை. அட்டவணையை வேறு எந்த மாற்றியிலிருந்தும் எடுக்காமல், பெரியப்பாவின் கணினியில் விசை விசையாக அழுத்தி, தெரிந்த எழுத்தைப் பார்த்து நானே தொகுத்தேன். கமிட் எனப்படும் ஒவ்வொரு நிரல் மாற்றப் பதிவின் அடியிலும் ‘இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு’ என்று கையொப்ப வரி சேர்க்கச் சொன்னார்கள். 2004இல் லினக்ஸ் கருநிரலில் தொடங்கிய வழக்கம் அது. அப்படித் தொகுத்திருந்ததால் அந்த வரியைத் தயங்காமல் எழுத முடிந்தது.

அடுத்தது துண்டு போடுதல். என் கணினியில் முழு வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஒரே புல் ரிக்வெஸ்டாக, அதாவது ஒரே சேர்க்கைக் கோரிக்கையாக, அனுப்பியிருந்தால் எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். முதல் துண்டில் தமிழே இல்லை. நூலகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு குறையைத் திருத்தினேன். பிடிஎஃப்பில் எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் பதிக்கும்போது அதன் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பேரெழுத்துக்களும் ஒரு கூட்டல் குறியும் சேரும். அந்த ஒட்டை நீக்கிவிட்டுப் பெயரை ஒப்பிடும் வசதி அது. எல்லா மொழிக்கும் பயன்படும், சிறியது, விரைவில் ஏற்கப்பட்டது. அதன்மேல் எழுத்துரு வாரியாக மாற்றியைப் பொருத்தும் வெற்று அமைப்பு, அதன்மேல் அட்டவணை, அதன்மேல் வரிசை மாற்றம் என்று ஒவ்வொன்றாகப் போனது. எந்தத் துண்டோடு நின்றாலும் நூலகம் முழுதாக இயங்க வேண்டும். அதற்காக ரீபேஸ் செய்து செய்து, அதாவது பழைய கமிட்டுகளைத் திரும்பத் திரும்ப மாற்றியமைத்து, அடுக்கியதுதான் நிரல் எழுதியதைவிடக் கடினமான வேலை. மாரி மழையில் உப்புவெளியில் மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்களில் பெரும்பாலும் அதைத்தான் செய்தேன்.

வரிசை மாற்றத் துண்டில்தான் உண்மையான தடை வந்தது. பாமினியில் ‘கெ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’. யுனிகோடில் முதலில் ‘க’, பிறகு கொம்பு. ‘கொ’ என்பது கொம்பு, ‘க’, கால் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும். அதைச் சேர்த்து ஒரே உயிர்க்குறியாக்க வேண்டும். இதெல்லாம் தமிழர் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். மதிப்பாய்வு செய்த இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. “நிரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் இது சரியா என்று எனக்குத் தெரிய வழியில்லை. தெரியாததற்கு ஒப்புதல் தர முடியாது” என்று ஒருவர் எழுதினார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

தமிழ் தெரியாமலே சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். தமிழின் 247 எழுத்துக்களையும் கிரந்த எழுத்துக்களையும் யுனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, மறுபடி யுனிகோடாக்கினால் புறப்பட்டதே திரும்பி வர வேண்டும். அதை ஒரு சோதனையாக எழுதினேன். மொழி தெரியாதவரும் அது தேறுகிறதா இல்லையா என்று பார்க்கலாம். கூடவே கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படித்த ஒரு நண்பரையும், சென்னையில் இருக்கும் ஒரு நிரலாளரையும் அட்டவணையைத் தனித்தனியே சரிபார்த்து வெளிப்படையாகக் கருத்திடச் சொன்னேன். புகழ்ந்து எழுதவே கூடாது, பிழை தேட வேண்டும் என்பது என் நிபந்தனை. தேடினார்கள், கண்டார்கள்.

அவர்கள் பிடித்தது ஔகாரத்தை. ‘கௌ’வின் வலப்பக்க உறுப்பைப் பாமினியில் ‘ள’வாலேயே எழுதுவார்கள். ஆகவே கொம்பு, ‘க’, ‘ள’ என்று வந்தால் அது ‘கௌரி’யின் ‘கௌ’வா, ‘கெளிறு’ மீனின் ‘கெள’வா? விடை அடுத்த குறியில் இருக்கிறது. ‘ள’வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யான ‘ள’. வெறுமனே நின்றால் ஔகாரம். இந்த விதி தவறும் சொற்கள் மிக அரிது. விதியை நிரலில் எழுதியதோடு, அதன் எல்லையையும் கருத்துரையில் எழுதி வைத்தோம். ‘ஸ்ரீ’க்கும் இதுபோல ஒரு முடிவு தேவைப்பட்டது. ‘ஶ’ யுனிகோடில் சேர்ந்தது 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் என்பதால், ‘ஸ்’ஸில் தொடங்குவது, ‘ஶ்’ஷில் தொடங்குவது என்று ஒரே தோற்றத்துக்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. நாங்கள் ஒன்றைத் தேர்ந்தோம். காரணத்தை ஆவணத்தில் பதிந்தோம்.

பிறகு காத்திருப்பு. வெளியீட்டுக்கு முன் புதிய அம்சங்களை நிறுத்திவைக்கும் காலம் குறுக்கே வந்தது. அந்த இடைவெளியில் நினைவூட்டல்களாக அனுப்பிக்கொண்டிராமல், மற்றவர்கள் முறையிட்ட வழுக்களில் எனக்குப் புரிந்தவற்றை மீளச் செய்து பார்த்துக் குறிப்பு எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு, அதாவது நாளை யார் பார்ப்பார்கள் என்பதற்கு, வாயால் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. அங்கே இருந்து காட்ட வேண்டும். கடைசித் துண்டு ஏற்கப்பட்டபோது, அந்தக் கோப்புறைக்குப் பொறுப்பானவராக என் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எழுத்துருவின் பெயரை வைத்தே நிரல் பாமினியை அடையாளம் காண்கிறது. பெயர் மாற்றப்பட்ட எழுத்துருக்களை எழுத்துக்களின் பரவலைக் கொண்டு ஊகிக்கும் பகுதி இன்னும் ஏற்கப்படவில்லை. ஆங்கில ஆவணம் ஒன்றைத் தமிழ் என்று ஊகித்துவிட்டால் அரைப்புள்ளிகளெல்லாம் மெய்ப்புள்ளிகளாகிவிடும் என்ற அவர்களின் தயக்கம் சரியானதே. அதுவரை பெயர்ப் பட்டியல் நீள்வதுதான் வழி. உங்களிடம் பழைய தமிழ் பிடிஎஃப் கோப்புகள் இருந்தால், ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருக்கள் என்ற பகுதியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பாமினி அல்லாத பெயராக இருந்தால் குறித்து வையுங்கள். கோப்பு வேண்டாம், அந்தப் பெயரும், எந்த விசைக்கு எந்த எழுத்து வருகிறது என்ற பட்டியலும் போதும்.