வால் எதுவரை இருந்தது?

"டாக்டரம்மா, நேத்து ராத்திரி எங்க கொல்லியில ஒரு சிறுத்த குறுக்கால போச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வால் எதுவரைக்கும் இருந்துச்சு?"

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பதினான்கு வருடமாகக் கால்நடை ஆய்வாளராக இருக்கிறேன். ஊருக்கு நான் டாக்டரம்மா. மாடு சினைக்கு நின்றாலும், கன்று பாதியில் மாட்டிக்கொண்டாலும் நேரம் காலம் பார்க்காமல் போன் வரும். விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்கூட்டியில் போய், வெளுக்கும்போது திரும்பி வருகிற அந்த வழிகளில்தான் என் காட்டுப்பூனைகளை எல்லாம் பார்த்தேன். காட்டுக்குள் தேடிப் போய்ப் பார்த்தது ஒன்றுகூட இல்லை. ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லி, வேலிக்காத்தான் மண்டிய புறம்போக்கு. மனுசர் வாழ்கிற இடத்தின் ஓரம்தான் அதற்கும் வீடு.

முதல் பூனையை 2013 மார்கழியில் பார்த்தேன். நஞ்சுக்கொடி விழாத மாடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஏரிக்கரைமேல் பனி இறங்கியிருந்தது. நாற்பதடி தூரத்தில் ஒரு நாய் நிற்பதாக நினைத்து வண்டியை மெதுவாக்கினேன். நாய் அப்படி நிற்காது. நாலு காலையும் ஊன்றி, தலையைச் சாய்த்து, கரையில் இருந்த ஒரு எலி வளையைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டேன். அது என்னைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை. அப்புறம் நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு தாவல். முன்னங்கால் இரண்டும் சேர்ந்து விழுந்த இடத்தில் ஒரு வயல் எலி. அதைக் கவ்விக்கொண்டு ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் கரையிறங்கிக் கோரைக்குள் போய்விட்டது.

அந்த அரை நிமிடத்தில் பார்த்ததை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். நெல் அறுத்த கழனியில் காய்ந்து நிற்கும் தாளின் நிறம். உடம்பில் புள்ளியோ கோடோ கிடையாது. காலின் உட்பக்கம் மட்டும் மங்கலாகப் பட்டைகள். வீட்டுப் பூனையை யாரோ காலைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல உயரம். காது இரண்டும் உச்சந்தலையில் நெருக்கமாக, நிமிர்ந்து, பின்புறம் செம்மை ஏறி, நுனியில் கறுப்பாக ஒரு சிறு மயிர்க்கொத்து. கண்ணைச் சுற்றியும் மோவாயிலும் வெள்ளை. வால் பின்னங்கால் முட்டியோடு நின்றுவிட்டது. அதன் கடைசிப் பகுதியில் இரண்டு மூன்று கறுப்பு வளையம், நுனி முழுக் கறுப்பு. காட்டுப்பூனை என்று தனி இனமாகவே பேர் உள்ளது இதுதான்.

இந்த வால்தான் முக்கியம். நிறம் இருட்டில் ஏமாற்றும். வரிவரியாக இருக்கும் சாம்பல் நிற நாட்டுப் பூனை டார்ச் வெளிச்சத்தில் புலிக்குட்டி மாதிரியே தெரியும். கண் பளபளப்பதும் பயன்படாது. நாய்க்கும் மரநாய்க்கும்கூடக் கண் மின்னும். உயரம் தூரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். வால் மட்டும் அது நிற்கிற காலையே அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பூனையின் வால் நீளமாக, நுனி மெலிந்து, நடக்கும்போது பெரும்பாலும் மேலே வளைந்து நிற்கும். காட்டுப்பூனையின் வால் முட்டியைத் தாண்டாது. சிறுத்தையின் வால் தரையைத் தொட்டு மேலே சுருளும் அளவுக்கு நீளம். மாடு வளர்ப்பவர்களிடம் "முட்டிவரையா, கீழேயா?" என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். கால் பார்த்து மாடு வாங்குகிற கண் அவர்களுடையது.

ஊரில் பூனை என்று சொல்வதில் பாதி பூனையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பனைமரத்தில் கள்ளுக் கலயத்தைத் தேடி ஏறுகிற மரநாய்க்கு முகத்தில் கறுப்பு முகமூடி, உடம்பளவு நீளமான கறுத்த வால். புனுகுப் பூனை தரையோடு தாழ்ந்து போகும். மூக்கு கூர்மை, முதுகில் கோடு, விலாவில் வரிசையாகப் புள்ளி, வால் முழுக்க வளையம். இரண்டும் பூனைக் குடும்பமே அல்ல. ஆனால் கோழி காணாமல் போனால் பழி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் "காட்டுப் பூன" தலையில்தான் விழும்.

உண்மையில் அது கோழியும் பிடிக்கும். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சங்கப் பாட்டிலேயே வெருகு என்று இதற்குப் பேர், அங்கேயே சேவலுக்கு இதனிடம் பயம். ஆனால் இதன் அன்றாடச் சோறு எலி. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் செய்த ஆய்வில் ஒரு காட்டுப்பூனை நாளுக்கு மூன்று முதல் ஐந்து எலி, சுண்டெலிகளைத் தின்பதாகக் கணக்கிட்டார்கள். மாதத்துக்குத் தொண்ணூறிலிருந்து நூற்றைம்பது. கரும்பின் அடியைக் கடித்துச் சாய்க்கிற எலிக்கு மருந்து வாங்கிச் செலவழிக்கிற யாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

இரண்டாவது பூனையை நான் உயிரோடு பார்க்கவில்லை.

2019 வைகாசி. திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் விடியற்காலை. சாலையோரம் ஒரு பூனைக்குட்டி அடிபட்டுக் கிடப்பதாக நினைத்து, வண்டிகள் மேலும் மேலும் ஏறாமல் ஓரமாக எடுத்துப் போடலாம் என்று இறங்கினேன். கையுறை போட்டுத் தூக்கியபோதே குட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. பல் தேய்ந்திருந்தது. முலைக்காம்பு பால் கொடுத்த காம்பு. முழு வளர்ந்த தாய், ஒரு கிலோ இருந்தால் அதிகம்.

மாட்டின் மார்புச் சுற்றளவு எடுக்கிற டேப் பையில் இருந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை 41 செ.மீ., வால் 22 செ.மீ. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. அதன்மேல் துருப்பிடித்த ஆணியை வைத்து எடுத்ததுபோல் செம்பழுப்புப் புள்ளிகள், சிதறாமல் வரிசை பிடித்து ஓடின. நெற்றியில் கண்ணின் உள்மூலையிலிருந்து மேலே ஏறும் இரண்டு வெள்ளைக் கோடுகள். காது சின்னது, நுனி வட்டம். வாலில் புள்ளி இல்லை. வயிறு வெள்ளை, அதில் பெரிய பெரிய கறைபோலப் புள்ளி. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் கறுப்பு. வெயில் ஏறும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ ஒரு பாறை இடுக்கில் அதன் குட்டிகள் கிடக்கும். எந்தப் பக்கம் தேடுவது? சாலைக்கு இரண்டு பக்கமும் குன்றுதான்.

அது துரும்பன் பூனை. உலகத்திலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றையும் தவிர வேறெங்கும் கிடையாது. பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜெஃப்ராய் சாந்-இலேர் 1831-ல் இதை முதன்முதலாக அறிவியலுக்கு எழுதி வைத்தது புதுச்சேரியிலிருந்து போன ஒரு பூனையைப் பார்த்துத்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. பேர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த மிருகத்தை அடிபட்டுக் கிடந்த பிறகுதான் பார்த்தேன். ஊரில் யாரிடம் படத்தைக் காட்டினாலும் "காட்டுப் பூனக் குட்டி" என்கிறார்கள். தனியாக ஒரு பேர்கூட இல்லாததால் அது இருக்கிறதா இல்லையா என்பதே யார் கண்ணிலும் படவில்லை.

வாட்ஸப்பில் துரும்பன் என்று சுற்றுகிற படங்களில் பல சிறுத்தைப் பூனையுடையவை. அது மலைக்காட்டுப் பூனை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வாழும். நம் சமவெளி வெயில் அதற்கு ஒத்துவராது. அதன் புள்ளிகள் கறுப்பாக, அழுத்தமாக, வால் நுனிவரை இருக்கும். துரும்பனின் வாலில் புள்ளி இல்லை. மறுபடியும் வால்தான்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாசி மாதம் நடந்த ஒன்று.

மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன். "டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க. கரும்புக்குள்ள சிறுத்தக் குட்டி ரெண்டு கெடக்குது. தாய்க்காரி எங்கியோ நிக்குது, வெட்டாளுங்க இறங்க மாட்டேன்றாங்க." நான் போவதற்குள் வரப்பில் ஐம்பது பேர். படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியாகிவிட்டது. ஒரு தம்பி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாலாடையில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு பாசம். அதனால் சத்தம் போடவில்லை. "பால வெச்சிடுப்பா, அதுக்குப் பேதி புடுங்கிடும்" என்று மட்டும் சொன்னேன்.

குட்டி என் உள்ளங்கையில் அடங்கியது. கண் திறந்திருந்தது, நீலம். மூன்று வாரம் இருக்கலாம். மஞ்சள் கலந்த மண் நிறத்தில் முதுகிலும் விலாவிலும் மங்கிய கோடுகள். இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் சிறுத்தை, புலி என்று பயப்படுகிறார்கள். காட்டுப்பூனைக்குக் குட்டியில் கோடு உண்டு, வளர வளர மறைந்துவிடும். சிறுத்தைக் குட்டிக்குக் கோடு இருக்காது, நெருக்கமான புள்ளிதான். பிறக்கும்போதே அரைக் கிலோ, பாதம் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிசு. இதன் பாதம் என் கட்டைவிரல் நகமளவு. வாலை நீட்டிக் காட்டினேன். கட்டை வால், நுனி கறுப்பு. தாய் பயந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் போயிருக்கும், இருட்டினால் வரும் என்றேன்.

"மனுசக் கை பட்டா தாய் சேக்காதும்மா" என்றார் ஒரு அம்மா. எல்லா ஊரிலும் சொல்வதுதான். அப்படியெல்லாம் இல்லை. தாய் தன் குட்டியைத் தேடித்தான் வரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் சேராது. வீட்டில் ஊர்ப் பூனையின் நோய் தொற்றும், பால் ஒத்துக்கொள்ளாது, பிழைத்தாலும் எலி பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1972-ம் வருடச் சட்டப்படி வனவிலங்கை வீட்டில் வைத்திருப்பது குற்றமும்கூட. வனத்துறைக்குப் போன் செய்தேன். வனக்காப்பாளர் வந்து பார்த்துவிட்டு, அதே இடத்தில் விட்டுப் பார்க்கலாம் என்றார்.

சிக்கல் கரும்பில் இருந்தது. ஆலையிலிருந்து வெட்டும் ஆர்டர் வந்தாகிவிட்டது, லாரி நிற்கிறது, வெட்டின கரும்பு காய்ந்தால் எடை இறங்கும். நிலத்துக்காரர் எழுபது வயதுப் பெரியவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டே, "ஐயா, குட்டி கெடந்த எடத்துல நாலு வரிசைய மட்டும் இன்னிக்கு விட்டுடலாங்களா?" என்றேன். எலிக் கணக்கையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்தார். "நாலு வரிசைதானே. விடு. புள்ளத்தாச்சி வீட்ட இடிக்க முடியுமா?"

தக்காளி க்ரேட் ஒன்றில் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிக் குட்டிகளை வைத்தோம். தாய் வாயால் எடுக்க வசதியாக உயரம் குறைந்த க்ரேட். கூட்டத்தை அனுப்பி, அக்கம்பக்கத்து நாய்களைக் கட்டச் சொல்லி, ஐந்தரை மணிக்கு வனக்காப்பாளரும் பெரியவரும் நானும் மோட்டார் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தோம். இருநூறு அடி தூரம். டார்ச் போடவில்லை. பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்ததால் நிலவு ஏற்கெனவே மேலே வந்திருந்தது.

ஏழு மணிக்குக் குட்டிகள் கத்த ஆரம்பித்தன. கீச்சுக் கீச்சென்று பறவைக் குரல்போல. எட்டுக்கு நின்றுவிட்டது. குளிர் தாங்கவில்லையோ என்று என் மனசு அடித்துக்கொண்டது. எட்டே முக்காலுக்குச் சோகை நசுங்கும் சத்தம். வெட்டி முடித்த வெறும் நிலத்தின் ஓரத்தில் ஒரு தலை. பிறகு முழு உடம்பு. க்ரேட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. எதிரே உட்கார்ந்துகொண்டது. ஐந்து நிமிடம் அசையவில்லை. அப்புறம் முன்காலை உள்ளே வைத்து, ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடியது.

இரண்டாவதுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இந்த முறை சுற்றவில்லை, நேராக வந்தது. குட்டியைத் தூக்கியபின் நிலவு வெளிச்சத்தில், எங்களுக்குப் பக்கவாட்டில், ஒரு கணம் நின்றது.

பெரியவர் என் காதோரம் குனிந்தார். "முட்டிவரைக்கும்தாம்மா இருக்குது."

அது பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்ச் சத்தம் அடங்கியபிறகும் நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த நாலு வரிசையையும் வெட்டி லாரியில் ஏற்றினார்கள்.